தங்கச்சின்னு சொன்ன வாய்

நீங்க பயப்படாதீங்க சார், நான் பாலிசி விக்க வரல. இன்சூரன்ஸ்ல இருந்தேன்னு சொன்ன உடனே ஹெட்போனை எடுத்துக் காதுல மாட்டப் போனீங்க பாருங்க, அதுக்காகச் சொல்றேன். ரிடையர் ஆகிப் பல வருஷம் ஆச்சு. அந்தக் காலத்துல அருப்புக்கோட்டையில தெய்வநாயகம் வர்றாருன்னா ஆம்பளைங்க பின்பக்கமா ஓடுவாங்க. ஓடினவனையும் பிடிச்சு உக்கார வச்சு, நீ செத்துப்போனா உன் பொண்டாட்டி பிள்ளைங்க கதி என்னப்பான்னு ஒரே ஒரு கேள்வி கேப்பேன். அவன் அழுதுட்டுக் கையெழுத்துப் போடுவான். அப்புறம் காபி கொடுத்து அனுப்புவான். அப்படி வித்தவன் நான்.

இப்ப மதுரைக்குத்தான் போறேன். குடல் இறக்கம், ஆபரேஷன் பண்ணணும். ஹூஸ்டன்ல இல்லாத ஆஸ்பத்திரியான்னு கேப்பீங்க. இருக்கு சார். ஏர்போர்ட் மாதிரி இருக்கு. ஆனா உள்ள போறதுக்கு இன்சூரன்ஸ் வேணும். மகன் பச்சை அட்டை, அதான் கிரீன் கார்டு, வாங்கிக் கொடுத்துட்டான், அதுல குறையில்ல. அறுபத்தஞ்சு வயசு தாண்டினா கவர்மெண்டே இன்சூரன்ஸ் கொடுக்குது, அதுலயும் குறையில்ல. ஆனா அட்டை கைக்கு வந்து அஞ்சு வருஷம் ஆகணும். அது வரைக்கும் நம்ம நோய் வராமப் பாத்துக்கணும். எனக்கு ரெண்டு வருஷம்தான் ஆச்சு. குடலுக்கு இந்த ரூல் தெரியல.

மகன் சும்மா இருக்கல, ஒரு பிரைவேட் பாலிசி போட்டான். க்ளெய்ம் அனுப்பினோம். வந்துச்சு பாருங்க பதில்! பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே இருந்த நோய்க்குப் பணம் கிடையாதாம். இந்த வயசுல எனக்குப் புதுசா என்ன சார் வரும்? நானே முன்னாடியே இருந்தவன்தானே. வீட்டுல எல்லாரும் தலையில கை வச்சு உக்காந்துட்டாங்க. நான் அந்த வாசகத்தை ரெண்டு தடவ படிச்சேன். என்ன ஒரு டிராஃப்டிங்! ஒரு ஓட்டை கிடையாது. நாங்க ஒரு க்ளெய்மை மறுக்கறதுக்கு நாலு பக்கம் எழுதுவோம், இவன் ஒரே வரியில முடிச்சுட்டான். ரசிக்கறதை ரசிக்கணும்ல. மருமக வானதிக்குத்தான் கோபம். "உங்களை வேணாம்னு சொல்றான் மாமா, அவனைப் போய்ப் பாராட்டிக்கிட்டு இருக்கீங்க"ன்னுச்சு. அதுக்கு இந்தத் தொழில் தெரியாது.

அதனால கம்பெனி மேல எனக்கு வருத்தமே இல்ல. என் வருத்தமெல்லாம் ஒரு அம்மா மேல. கேக்கறீங்களா? பிளேன் தோஹாவுல இறங்கறதுக்கு இன்னும் நேரம் கிடக்கு.

மகன் வீட்டுக்குப் பின்னாடி கார் நிறுத்தற கராஜ், அது மேல ஒரு ரூம். அதுல வாடகைக்கு இருக்காங்க. மெக்சிகோக்காரம்மா. பேரு எர்மினியா. எழுதறப்ப முன்னாடி ஒரு ஹெச் போடுவாங்க, சொல்றப்ப விட்டுருவாங்க. எனக்கு வாய்க்கு வரல, மினியம்மான்னு கூப்பிடுவேன். என் வயசுதான். புருஷன் இல்ல. மக எங்கயோ தூரத்துல வேலை பாக்குது. முப்பது வருஷமா மோட்டல்ல ரூம் சுத்தம் பண்ற வேலை. பாத்தா நம்ம சாத்தூர்ப் பக்கத்து அம்மா மாதிரியே இருப்பாங்க, அதே நிறம், அதே உயரம். அவங்க ஊர்லயும் புளி இருக்கு சார். புளியில மொளகாப்பொடியைத் தடவி உருட்டி மிட்டாயா வச்சிருக்காங்க. அதை ஒருநாள் கையில கொடுத்தாங்க. நான் வாயில போட்டேன், அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இவங்க நம்ம ஆளுங்கதான்னு.

மகனும் மருமகளும் வேலைக்குப் போயிட்டா பகல்ல நாங்க ரெண்டு பேர்தான். அவங்களுக்கு இங்கிலீஷ் கொஞ்சம், எனக்கு ஸ்பானிஷ் அதைவிடக் கொஞ்சம். ஆனா வியாதியைப் பத்திப் பேசறதுக்கு பாஷையா வேணும்? நான் சுகர்னு சொன்னேன், அவங்க அசூகர்னு சொன்னாங்க. நட்பு அங்கதான் ஆரம்பிச்சுச்சு.

அந்தம்மாவுக்கு சுகர் கண்ணுக்கு ஏறிருச்சு. கண்ணுக்குப் பின்னாடி ரத்தம் கசியுதாம். மாசாமாசம் கண்ணுக்குள்ளயே ஒரு ஊசி போடணும். நிறுத்தினா பார்வை போயிரும், போனா திரும்பி வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஊசியோட விலையைக் கேட்டா நமக்கே கண்ணு இருண்டுரும்.

சரி, முப்பது வருஷம் உழைச்சவங்களுக்கு கவர்மெண்ட் இன்சூரன்ஸ் உண்டான்னா, கிடையாது. மோட்டல்காரன் கூலியைக் கையில கொடுத்துட்டான், கவர்மெண்டுக்குக் கட்ட வேண்டியதைக் கட்டல. அப்ப அந்த முப்பது வருஷம் நடக்கவே இல்லன்னு அர்த்தம். பச்சை அட்டை மக மூலமா இப்பத்தான் கிடைச்சுச்சு, மூணு வருஷம் ஆகுது. ஆக அவங்களும் அஞ்சு வருஷப் பள்ளத்துல, நானும் அதே பள்ளத்துல. ஒண்ணு மட்டும் வித்தியாசம். ஏழைங்களுக்குன்னு அந்த மாவட்டத்து ஆஸ்பத்திரியில ஒரு கார்டு கொடுக்கறாங்க. அந்தக் கார்டுலதான் ஊசி ஓடிக்கிட்டு இருந்துச்சு. வருஷா வருஷம் ஆபீசுக்குப் போய்ப் புதுப்பிக்கணும்.

இந்த வருஷம் மகளால வர முடியல. தனியாப் போறேன்னாங்க. நான் இருக்கும்போது தனியா எதுக்குன்னு நானே முன்வந்தேன். வேட்டியை மடிச்சு வச்சுட்டு, பேன்ட் சட்டை போட்டு, பேனாவைப் பாக்கெட்ல சொருகிக்கிட்டுக் கிளம்பினேன். யாரு செய்வா சார் இந்தக் காலத்துல?

ஆபீசர் ஒரு சின்னப் பொண்ணு. மினியம்மாவைப் பாத்து ஸ்பானிஷ்ல ஆரம்பிச்சுச்சு. நான் நடுவுல புகுந்து, எதுவா இருந்தாலும் இங்கிலீஷ்ல என்னைக் கேளுங்க மேடம்னேன். அப்ப நீங்க யாருன்னு கேட்டுச்சு.

நீங்களே சொல்லுங்க சார். ஒரு பொம்பளையைக் கூட்டிக்கிட்டு ஒரு ஆபீசுக்குப் போறோம். இவங்க உங்களுக்கு யாருன்னு கேக்கறாங்க. வாடகைக்கு இருக்கறவங்கன்னா சொல்வீங்க? பக்கத்துல நிக்கறப்பவே, எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னா அந்தம்மாவுக்கு என்ன மரியாதை? அவங்களும் தனியா இருக்கறவங்க, நானும் பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன். பாக்கறவன் என்ன நினைப்பான்? கௌரவமா, சிஸ்டர்னு சொன்னேன். மை சிஸ்டர்.

அந்தப் பொண்ணு என்னை ஒரு தடவ பாத்துச்சு, அவங்களை ஒரு தடவ பாத்துச்சு, டைப் அடிச்சுச்சு. ஒரே வீடான்னு கேட்டுச்சு. ஆமா, ஒரே வாசல், ஒரே கதவு நம்பர்னேன். செலவுக்கு யாராவது உதவறாங்களான்னு கேட்டுச்சு. யாராவதா? என் மகன் இருக்கான், அவங்களை ஒருநாள் பட்டினி கிடக்க விடுவானான்னு கேட்டேன். மகன் என்ன வேலை, எந்தக் கம்பெனி, என்ன சம்பளம், மருமக சம்பளம் தனியா எவ்வளவுன்னு எல்லாத்தையும் சொன்னேன். அது கேக்கவே இல்ல, நானாத்தான் சொன்னேன்.

ஏன் சொன்னேன்னு கேளுங்க. இதுலதான் அனுபவம் இருக்கு. எங்க தொழில்ல ஒரு பார்ட்டிக்குப் பெரிய பாலிசி வேணும்னா, அவனுக்கு வசதி இருக்குன்னு காட்டணும். வருமானம் கம்மின்னு எழுதினா ஹெட் ஆபீஸ்ல சின்ன பாலிசியாத்தான் கொடுப்பான். அதனால நான் ஒரு டீக்கடைக்காரன் ப்ரப்போசலை அனுப்பினாக்கூட அதுல நாலு மாடு, ரெண்டு மனை, மச்சினன் துபாய்ல இருக்கான்னு சேத்துத்தான் அனுப்புவேன். ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. மினியம்மாவுக்கும் அப்படித்தான் கட்டினேன். நான் சொல்லச் சொல்ல அந்தப் பொண்ணு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. கவனமாக் கேக்கற ஆபீசர்னு எனக்கு ஒரே சந்தோஷம். வெளிய வந்து, வேலை முடிஞ்ச மாதிரிதான்னு கட்டைவிரலைக் காட்டினேன். பாவம், அந்தம்மா என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க.

கார்டு கிடையாதுன்னு பதில் வந்துச்சு. குடும்ப வருமானம் ரொம்ப அதிகமாம்.

நான் மொதல்ல தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். வருமானம் அதிகம்னு ஒரு ஆபீசே சொல்லுதேன்னு அந்தம்மாவுக்குக் கங்கிராஜுலேஷன்ஸ் சொல்லிட்டேன். வானதி வந்து படிச்சுப் பாத்துட்டு அப்படியே சேர்ல உக்காந்துருச்சு. "மாமா, தங்கச்சின்னு சொல்லி எங்க ரெண்டு பேர் சம்பளத்தையும் அவங்க தலையில கட்டிட்டு வந்திருக்கீங்க. அவங்க கண்ணு போயிரும் மாமா"ன்னுச்சு.

எனக்கு ஒண்ணும் புரியல சார். ஏம்மா, உன் கல்யாணத்துக்கு வந்தவங்கள்ல பாதிப்பேரை சித்தப்பான்னும் பெரியம்மான்னும்தானே நான் எல்லாருக்கும் சொன்னேன், எவனாவது உங்க சித்தப்பாவுக்கு என்ன வருமானம்னு கேட்டானான்னு கேட்டேன். வானதி தலையைப் பிடிச்சுக்கிட்டுச்சு. ஒரு வார்த்தை பேசறதுக்கு வருமான வரம்பு இருக்கற நாட்டுல நான் எப்படி சார் வாயைத் திறக்கறது?

ஆனா வானதி விடல. அது ஒரு பிடிவாதக்காரி. போன் மேல போன் போட்டு, மேல் ஆபீசர்கிட்ட அப்பீலுக்கு ஒரு நாள் வாங்கிருச்சு. சொன்னவரே நேர்ல வந்து, சொன்னது தப்பு, இவங்க எனக்கு ஒண்ணும் இல்ல, வாடகைக்கு இருக்கறவங்கன்னு சொல்லிட்டாப் போதுமாம். கார்டு கிடைச்சுருமாம். அதுக்குள்ள ஒரு ஊசி தவறிப்போச்சு. மினியம்மா லேசா மங்கலா இருக்குன்னு கையை ஆட்டிக் காமிச்சாங்க. நானும் எனக்கும்தான் மங்கல், வயசாச்சுல்லன்னு சமாதானம் சொன்னேன்.

போற வழியெல்லாம் கார்ல வானதி எனக்குப் பாடம் எடுத்துச்சு. டெனன்ட். மாமா, ஒரே வார்த்தை, டெனன்ட். வேற எதுவும் பேசாதீங்க. மகன் சம்பளத்தைச் சொல்லாதீங்க. நம்ம ஊர்ப் பழக்கம் எதையும் விளக்காதீங்க. சொல்லிப் பாருங்க. நானும் டெனன்ட், டெனன்ட்னு சொல்லிக்கிட்டே வந்தேன். பின்னாடி சீட்ல மினியம்மா, கோயிலுக்குப் போற நீலக் கவுனைப் போட்டுக்கிட்டு, கையைக் கோத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

வானதியை வெளியவே உக்காரச் சொல்லிட்டாங்க. உள்ள நாங்க ரெண்டு பேர்தான். எதிர்ல ஒரு பெரிய ஆபீசரம்மா, கண்ணாடி போட்டு. அவங்களுக்கு ரெண்டு பாஷையும் தெரியும். என்னைப் பாத்து, போன தடவ சிஸ்டர்னு சொல்லியிருக்கீங்க, இவங்க நெஜமாவே உங்க சிஸ்டரான்னு கேட்டாங்க.

டெனன்ட்னு சொல்லத்தான் சார் வாயைத் திறந்தேன். சத்தியமா. அந்த நேரம் பாத்து மினியம்மா, நான் பயந்துட்டேன்னு நினைச்சாங்களோ என்னமோ, என் முழங்கையைத் தொட்டு, "எர்மானோ"ன்னாங்க. மெதுவா. தைரியமாச் சொல்லுங்கங்கற மாதிரி. எர்மானோன்னா என்ன தெரியுமா? அண்ணன்.

அந்த ஆபீசரம்மா நிமிந்து பாத்தாங்க. அவங்களுக்குத்தான் ஸ்பானிஷ் தெரியுமே.

பொண்டாட்டி போனதுக்கப்புறம் என்னை யாரும் அப்படித் தொட்டுக் கூப்பிட்டதில்ல சார். ஒரு பொம்பளை சபையில அண்ணன்னு கூப்பிடறா, நான் அவ முன்னாடியே, இவ எனக்கு யாரும் இல்ல, வாடகைக்காரின்னு சொல்லணுமா? எதுக்கு? ஒரு கார்டுக்கு. தங்கச்சின்னு ஒரு தடவ சொன்ன வாயால எப்படிச் சொல்லுவேன்? உங்களால முடியுமா?

யெஸ் மேடம், சிஸ்டர்னேன். ரெண்டு பேருக்கும் அப்பா ஒருத்தரான்னு கேட்டாங்க. "சேம் ஃபாதர்?" நான் மேல கையைக் காட்டி, "மேடம், ஃபார் ஆல் ஆஃப் அஸ், ஒன்லி ஒன் ஃபாதர்"னேன். என்ன ஒரு பதில் பாருங்க! யோசிச்சுச் சொன்னதில்ல, தானா வந்துச்சு. கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு. நான் அழறதைப் பாத்து மினியம்மாவும் அழுதாங்க, ஜெயிச்சுட்டோம்னு நினைச்சுட்டாங்க போல. ஆபீசரம்மா எங்களுக்கு டிஷ்யூ பேப்பர் நீட்டினாங்க. அப்புறம் ஏதோ அடிச்சாங்க, அவ்வளவுதான். அப்பீல் தள்ளுபடி. வேணும்னா அடுத்த வருஷம் புதுசா வரலாம்னாங்க.

வெளிய வந்து விஷயத்தைச் சொன்னேன். வானதி கார்ல ஏறினதும் ஸ்டியரிங் மேல நெத்தியை வச்சுக்கிச்சு. அப்புறம் மெதுவா, "ஒரு மனுஷிக்குக் கண்ணு வேணுமா, உங்களுக்கு நல்ல பேர் வேணுமான்னு வந்தப்ப, நீங்க நல்ல பேரை எடுத்துக்கிட்டீங்க மாமா"ன்னுச்சு. மாமனார்கிட்ட பேசற பேச்சா இது? சின்னப் பொண்ணு, உணர்ச்சின்னா என்னன்னு தெரியாது. பெரிய மனுஷன் பொறுத்துத்தான் போகணும்.

இதுக்கு அப்புறம்தான் சார் என் வருத்தமே ஆரம்பிக்குது. வானதி கோபப்பட்டா சரி, நம்ம வீட்டுப் பொண்ணு. இந்தம்மாவுக்கு என்ன? யாருக்காக நான் அழுதேன்? கொஞ்ச நாள்ல மெல்ல மெல்ல என்கிட்ட பாராமுகமா ஆகிட்டாங்க. முந்தியெல்லாம் நான் ஜன்னல்கிட்ட நின்னா மேல இருந்து கையாட்டுவாங்க. இப்ப நான் கையாட்டினா, ஆகாசத்தைப் பாத்துக்கிட்டு நிக்கறாங்க. ஒருநாள் நான் வாசல்ல சேர் போட்டு உக்காந்திருக்கேன், நேரா வந்து என் சேரை இடிச்சாங்க சார். ஒரு சாரி சொல்லிட்டு, செவத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. இடிக்கற அளவுக்குக் கோபம் ஆகாதுன்னு நான் வானதிகிட்டகூடச் சொன்னேன். அது என்னை ஒரு மாதிரி பாத்துட்டு உள்ள போயிருச்சு.

மினியம்மா தன்னோட காரை வித்துட்டாங்க. சரி, கையில நாலு காசு வந்திருக்கும்னு நினைச்சேன். மோட்டல் வேலையையும் விட்டுட்டாங்க. இந்த வயசுக்கு ஓய்வு நல்லதுதான்னு அதுக்கும் சந்தோஷப்பட்டேன். பாருங்க, பாராமுகமா இருக்கறவங்களுக்காகவும் நான் சந்தோஷப்பட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

யோசனைகூடச் சொன்னேன். எனக்குக் குடல், நான் மதுரைக்குப் போறேன். உங்களுக்குக் கண்ணு, நீங்க உங்க மெக்சிகோவுக்குப் போய்ப் பாத்துக்கங்க, அங்க சல்லிசா முடிஞ்சுருமேன்னு வானதியை விட்டுச் சொல்லச் சொன்னேன். வானதி முதல்ல சொல்ல மாட்டேன்னுச்சு. நான் விடலன்னதும் சொல்லுச்சு. மினியம்மா ஏதோ சொன்னாங்க. என்னன்னு கேட்டேன். முப்பது வருஷத்துக்கு முன்னாடி அங்க இருந்தவங்க யாரும் இப்ப அங்க இல்லையாம், எந்த வாசல்ல போய் நிக்கறதுன்னு கேக்கறாங்களாம். எனக்குன்னா மதுரையில அக்கா வீடு இருக்கு, ரிடையர் ஆனவங்களுக்கு எங்க ஆபீஸ் கொடுத்த மெடிக்கல் பாலிசி இருக்கு. அவங்களும் ஏதாவது ஏற்பாடு பண்ணி வச்சிருந்திருக்கலாம். முன்யோசனை வேணும் சார் மனுஷனுக்கு. நான் ஆயுசு முழுக்க அதைத்தானே வீடு வீடாப் போய்ச் சொன்னேன்.

இன்னைக்குக் காலையில கிளம்பினேன். பெட்டியெல்லாம் கார்ல ஏத்தியாச்சு. வானதி ஸ்டியரிங்ல உக்காந்திருச்சு. என்ன இருந்தாலும் சொல்லிட்டுப் போறதுதான் முறைன்னு நான் பின்னாடி போனேன். மினியம்மா கராஜ் படிக்கட்டுல, கீழ்ப்படியில உக்காந்திருந்தாங்க. நல்ல வெயில், மூஞ்சி மேல அடிக்குது, கண்ணைக்கூடச் சுருக்கல. நான் நேர் எதிர்ல போய் நின்னேன். இதோ, உங்களுக்கும் எனக்கும் இருக்கற தூரம்தான். சிரிச்சேன். கையெடுத்துக் கும்பிட்டேன். ஒரு அசைவு கிடையாது. அப்படியே நிக்கறேன் சார், கும்பிட்ட கையோட, எறக்கறதா வேணாமான்னு தெரியாம.

என் செருப்பு சரளைக்கல்லுல உரசிச் சத்தம் வந்திருக்கும் போல. தலையைத் திருப்பினாங்க. என் பக்கம்கூட இல்ல, எனக்குக் கொஞ்சம் தள்ளி. "கியென் எஸ்?"னு கேட்டாங்க.

அது எனக்குத் தெரியும் சார், அந்த அளவுக்கு ஸ்பானிஷ் கத்துக்கிட்டேன். யாருன்னு அர்த்தம். மூஞ்சிக்கு நேரா நிக்கறவனை, யாருன்னு கேக்கறாங்க. சிரிச்சுக்கிட்டே வேற கேக்கறாங்க, கையை முன்னாடி நீட்டிக்கிட்டு.

நான் பதில் சொல்லல. திரும்பி வந்து கார்ல ஏறிட்டேன். நமக்கும் ரோஷம் இருக்கும்ல?